பத்துக்கு நடுவே நாற்பது

அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். தம்பி அதே சாலையில் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் போவான். நெரிசலில் வண்டிகளெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்க, அவன் மட்டும் இடுக்கில் புகுந்து அவள் பேருந்தைத் தாண்டிப் போவான்.

“எல்லாரும் பத்துல நகரும்போது நீ மட்டும் நாற்பதுல வர்றே. யாராவது சட்டுனு திரும்பினா என்னடா பண்ணுவே?” என்று வீட்டில் சண்டை பிடிப்பாள்.

“நாற்பதெல்லாம் ஒரு வேகமாக்கா? உன் பஸ்ல ஏறினா ரிட்டயர் ஆனப்புறம்தான் ஆபீஸ் போய்ச் சேருவேன்” என்பான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அன்று காலை சாலை அசையவே இல்லை. முன்னால் விபத்து என்றார்கள். “எவனோ அவசரக்குடுக்கை நம்ம உயிரை வாங்குறான்” என்று நடத்துநரிடம் அலுத்துக்கொண்டாள். அரைமணி கழித்துப் பேருந்து மெல்ல முன்னேறியது. கதவு திறந்தபடி ஒரு கார் நின்றது. அதனருகே தம்பியின் வண்டி கிடந்தது. அவனை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வேறு தடம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டாள்.

அம்மாதான் இன்னும் கேட்கிறாள். “நீ பின்னாடியேதானேம்மா இருந்தே? கடைசியா ஏதாவது சொன்னானா?”

“வலிக்கலைன்னு சொன்னான்மா” என்கிறாள் ஒவ்வொரு முறையும்.