கோழி வரும் நேரம்

வாசலில் கோழி லோரியின் சத்தம் கேட்டதும் புஷ்பவள்ளி அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சாமி மேடைக்குப் போவார். முருகன் படத்தின் முன்னால் சிவப்புத் திரையை இழுத்து மூடுவார். சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிச் சாமி விளக்கை அணைப்பார். கோழிக் கூடை பின்கட்டுக்குப் போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் விளக்கைப் போட்டுத் திரையைத் திறப்பார். "கோவிச்சுக்காதப்பா" என்று படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்புவார்.

கோழிப் பிரட்டலுக்குப் பேர்போன கடையில் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. "சமைச்சிட்டா அது சாப்பாடு. பச்சையா வந்தா அது உயிரு. அத எப்படிச் சாமி கண்ணுல காட்டுறது?" என்பார் அக்கா. திரை மெல்லிய துணி. உள்ளே விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் தெரியும். அதனால் விளக்கும் அணைய வேண்டும். இதற்கு மேல் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

ஜொகூரின் கெலாங் பாத்தாவில், சிங்கப்பூருக்குப் போகும் செகண்ட் லிங்க் பாலத்துச் சாலையை ஒட்டிய கடை வரிசையில் அக்காவின் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நான் அங்கே பின்னால் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறேன். அக்கா எதையும் ருசி பார்த்துச் சமைப்பதில்லை. மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்ப்பார். உப்பு குறைவென்றால் அதிலேயே தெரிந்துவிடும். எண்ணெய் படக்கூடாது என்று கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருப்பார். அந்தப் பையோடுதான் காதில் வைத்துப் பேசுவார். வாடிக்கையாளர்களின் பெயர் அவருக்கு நிற்காது. "ரசம் மட்டும் வந்துட்டாரு", "அப்பளம் ரெண்டு இன்னும் காணோம்" என்பார்.

இப்போது கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் குறைவு. பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து டேப்லெட்டில் வரும் ஆர்டர்கள்தான் அடுப்பை எரிய வைக்கின்றன. அதற்காகவே அக்கா வியாபாரத்துக்கென்று இணைய லைன் ஒன்று எடுத்தார். வந்து மாட்டியவரிடம், எண்ணெய்ப் புகை படாத உயரமான சுத்தமான இடம் இது ஒன்றுதான் என்று சாமி மேடையின் மேல் தட்டைக் காட்டினார். ரவுட்டர் அங்கே போய் உட்கார்ந்தது. அக்கா அதை டப்பா என்பார். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டும்போது தட்டு முருகனைச் சுற்றி, அப்படியே டப்பாவையும் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும்.

அவ்வளவு கவனித்தும் டப்பா சரியாக நடந்துகொள்ளவில்லை. உச்சி வேளையில், ஆர்டர்கள் வந்து விழுகிற நேரமாகப் பார்த்து லைன் போய்விடும். டேப்லெட்டின் திரை சாம்பல் நிறமாகிக் கடை மூடியிருப்பதாகச் சொல்லும். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வரும். அதற்குள் வந்த ஆர்டர் எல்லாம் வேறு கடைக்குப் போயிருக்கும். இப்படியே தொடர்ந்தால் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஆர்டர் எடுத்துத் தரும் நிறுவனம் எழுதிவிட்டது. அன்று அக்கா மூன்று பானைகளைத் திறந்து முகர்ந்துவிட்டு, எதிலும் உப்புப் போடாமல் மூடினார்.

லைன் நிறுவனத்துக்குப் போன் செய்வது அவருக்குத் தினசரி வேலை ஆயிற்று. இயந்திரக் குரல் இரண்டை அழுத்தச் சொன்னால், "ஓகேம்மா, அழுத்துறேன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவார். அவர்கள் அனுப்பிய ரூபேந்திரன் டப்பாவை மாற்றினார். பிறகு அதன் கரண்ட் ஒயரை மாற்றினார். லைனில் குறையில்லை, டப்பாவுக்கே கரண்ட் நின்று போகிறது, யாராவது அணைக்கிறார்களா என்று விசாரித்தார். அந்த மேடைப் பக்கம் தன்னைத் தவிர ஒரு கை நீளாது என்று அக்கா அடித்துச் சொன்னார். அது உண்மைதான். ரூபேந்திரன் வருவதெல்லாம் கூட்டம் ஓய்ந்த பிறகு. அப்போது திரை திறந்திருக்கும், விளக்கு எரியும், டப்பாவும் சமர்த்தாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியில் அக்காவே காரணத்தைக் கண்டுபிடித்தார். கோழி கொண்டு வரும் சின்னத்தம்பி அண்ணன் வந்தால்தான் லைன் போகிறது. அவருடைய லோரியில் இருக்கும் ஐஸ் பெட்டி லைனை இழுக்கிறது என்று முடிவு கட்டினார். அண்ணன் முனையில் இருக்கும் சாமான் கடை அருகே லோரியை நிறுத்திவிட்டு, வெயிலில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். லைன் போயிற்று. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிதான் என்றார் அக்கா. மறுநாள் அண்ணன் அதையும் லோரியிலேயே வைத்துவிட்டு வந்தார். அன்றும் போயிற்று.

"இனி சட்டையையும் கழட்டி வச்சிட்டுத்தான் வரணுமாக்கா?" என்று அண்ணன் கேட்டார்.

"வேற கோழிக்காரனப் பாக்கணும்போல" என்றார் அக்கா. அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த நாள் ரூபேந்திரனை உச்சி வேளைக்கே வரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்துக் கல்லா எதிரில் உட்கார வைத்தார். "அவர் வருவாரு. நீங்களே பாருங்க தம்பி" என்று காதோடு சொன்னார். தூரத்தில் லோரி நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா கையைக் கழுவினார். அண்ணன் கூடையோடு வாசல்படி ஏறும்போது திரையை இழுத்தார். வலது கையால் சுவிட்சைத் தட்டினார். டேப்லெட் சாம்பலாயிற்று.

"பாத்தீங்களா? வந்தாரு, போச்சு" என்று இடது கையை அண்ணன் பக்கம் நீட்டினார்.

ரூபேந்திரன் அண்ணனைப் பார்க்கவில்லை. சுவிட்சின் மேல் இன்னும் இருந்த அக்காவின் வலது கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணன் கூடையை இறக்காமலே பார்த்தார். எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று தேடிக்கொண்டே வந்த அக்காவின் கண்ணும் கடைசியில் அந்தக் கையில் போய் நின்றது.

"வெளக்கத்தானே அணைச்சேன்" என்றார், மெதுவாக.

"அதே பிளக்லதான்க்கா டப்பாவும் இருக்கு. சாமி கண்ண மூடறப்ப, லைனையும் சேத்து மூடிடுறீங்க."

சொல்லிக்கொண்டே ரூபேந்திரன் தன் கைப்பேசியின் லைனை டேப்லெட்டுக்குக் கொடுத்தார். திரை நிறம் மாறுவதை அக்கா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடை திறந்திருக்கிறது என்று வந்ததும்தான் கல்லா நாற்காலியில் உட்கார்ந்தார். ஆர்டர் நிறுவனத்திலிருந்து அதற்கு மேல் எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

அன்று சின்னத்தம்பி அண்ணனுக்கு இலை போட்டு, பிரட்டலில் பெரிய துண்டுகளாகப் பார்த்து அக்காவே வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "லோரிய வாசல்லயே நிறுத்துங்கலா, வெயிலு" என்றார். அண்ணன் தலையைக் குனிந்தபடி, சட்டை போட்டுக்கொண்டே வரலாமா என்று கேட்டார். அக்கா அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

ரூபேந்திரன் டப்பாவுக்கு வேறு சுவரிலிருந்து தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார். இனி சாமி விளக்கை எத்தனை தடவை வேண்டுமானாலும் அணைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உச்சி வேளை. லோரி வாசலிலேயே வந்து நின்றது. அக்கா கையைக் கழுவித் துடைத்தார், திரையை இழுத்தார், விளக்கை அணைத்தார். மெல்லிய துணிக்குப் பின்னால், முருகனின் தலைக்கு மேல், டப்பாவின் பச்சை விளக்குகள் மட்டும் விழித்துக்கொண்டிருந்தன. அக்கா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அண்ணன் கூடையோடு உள்ளே நுழைந்தார். அக்கா நுனிக்காலில் நின்று, திரைக்குள் கையை விட்டு, அந்தப் பச்சை விளக்குகளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். டேப்லெட் மணியடித்தது. பின்கட்டுக் கதவைப் பார்த்தபடியே, மற்றக் கையை நீட்டி ஆர்டரை எடுத்துக்கொண்டார்.