விழாத விமானம்

யன்னல் ஓரத்தில் பூச்சாடிக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்த அலுமினியத் துண்டை நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை விளையாட எடுத்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் வழுவழுப்பு. உடைந்த பக்கம் கற்கண்டுபோலச் சொரசொரப்பு. அதைத் தந்தவர் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் என்னோடு வேலை செய்த அண்ணை. பழைய விமான இயந்திரங்களைத் திருத்தும் பட்டறையில் அவர் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பான மைஸ்டர், தலைமைத் தொழிலாளி. நான் அவருக்குக் கீழே பூட்டிக் கழற்றுகிறவன்.

மேலே போகப்போகக் காற்று மெலியும். மலை ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்குவதுபோல அந்தக் காலத்து இயந்திரமும் திணறும். அதற்குக் காற்றை நெருக்கி ஊட்டுவதுதான் சூப்பர்சார்ஜர். அதன் உள்ளே இதழ் இதழாக ஒரு சில்லு பேய் வேகத்தில் சுற்றும். ஒரு காட்சிசாலை விமானத்தில் அந்தச் சில்லு இல்லை, பழைய வரைபடமும் இல்லை. இதழின் வளைவைப் புதிதாக வரைந்து இரண்டு சில்லுகள் வார்த்தோம். ஒன்று பறக்க, ஒன்று உடைக்க. இரும்புக் குழிக்குள் ஒன்றை உடையும்வரை சுற்றிப் பார்த்தால்தான் மற்றதை நம்பலாம். தாங்கவேண்டிய வேகத்தைத் தொடும் முன்னமே அது வெடித்தது. எங்கள் கால்களுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது.

அந்த ஒன்றில் மட்டும்தான் வார்ப்புக் குறை என்றார் முதலாளி. பறக்கவிடும் விழாவுக்கு ஊரையே அழைத்திருந்தார். அண்ணை என்னிடம் சொன்னார்: "மற்றதிலை குறையில்லை எண்டு ஆர் கண்டது? இன்னொண்டு வார்ப்பம், உடைச்சுப் பாப்பம். உள்ளுக்கை இருந்து ஓட்டப்போறதும் ஒரு தாய் பெத்த பிள்ளையடா." உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே ஜெர்மனில் முதலாளிக்கும் சொன்னார். மற்றச் சில்லைப் பூட்டிப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட மறுத்தார். வெளியிலிருந்து வேறொருவர் வந்து போட்டார்.

விழா அன்று நானும் அவரும் வேலிக்கு வெளியே நின்றோம். விமானம் ஏறியதும் அண்ணை கம்பியைப் பிடித்தபடி அம்பாளைக் கூப்பிடத் தொடங்கினார். அது ஒரு வட்டமடித்து, பூப்போல இறங்கியது. சனம் கைதட்டியது. அண்ணையும் தட்டினார்.

அடுத்த கிழமை அவரைப் பொதி கட்டும் பகுதிக்கு அனுப்பினார்கள். ஊன்ட்றொப் அம்பாள் கோயிலில், சாப்பாட்டு வரிசையில், எங்கடை தமிழ் ஆட்களும் விடவில்லை. "என்ன மைஸ்டர், பிளேன் விழேல்லையாமே! கவலையோ?"

"விழக்கூடாதெண்டுதானே நானும் நிண்டனான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் துண்டை என்னிடம் தந்துவிட்டு வேலையை விட்டார். இப்போது கோயிலுக்கும் வருவதில்லை. விமானம் விழுந்திருந்தால் அவர் சொன்னது சரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அதற்கு ஓர் உயிர் போயிருக்கவேண்டும். இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அந்த விமானம் பிறகு ஒருநாளும் பறக்கவில்லை. ஏன் என்று ஒருவரும் சொல்லவுமில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்தோடு காட்சிசாலைக்குப் போன சின்னவள், அது கூரையில் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "அப்பா, அது விழேல்லைத்தானே? அப்ப அந்த மாமா சொன்னது பிழையோ?"

துண்டை எடுத்து அவள் கையில் வைத்து, உடைந்த பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

"ஐயோ, வெட்டுது" என்று உடனே திருப்பித் தந்துவிட்டாள்.

அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் முதலாளிக்கு முன்னால் நின்றார், பிள்ளைகளே.