கடல் போடாத சிப்பி

போன புதன்கிழமை என் தங்கச்சி கலா, தன் ஆராய்ச்சி முடிவு தப்பு என்று பேராசிரியர்கள் முன்னால் எழுந்து நின்று சொன்னாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏன் என்கிறீர்களா... சொல்கிறேன்.

கலா பழைய சிப்பி, சங்குகளை எண்ணுகிறவள். தூத்துக்குடிக்குத் தெற்கே கரையோரம் குழி தோண்டி, ஒவ்வொரு மண்ணடுக்கிலும் எத்தனை வகை உயிர்கள் இருந்தன என்று கணக்கெடுப்பாள். அவளுடைய கேள்வி ஒன்றுதான் – கடலில் உயிர்வகைகள் பெருகிக்கொண்டே போகுமா, இல்லை ஓர் அளவோடு நின்றுவிடுமா? எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரி, நிறைந்த பிறகு ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியுமா?

கீழடுக்குகளில் பஸ் கதைதான். சில வகைகள் மறைந்தன, புதியவை வந்தன, எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்தது. மேலடுக்கில்தான் அதிர்ச்சி. வெறும் முத்துச்சிப்பி, வேறு எதுவுமே இல்லை. சமநிலை உடைந்துவிட்டது என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள். நான் சும்மா இருப்பேனா? மளிகைக்கடை அண்ணாச்சி வரை சொல்லி வைத்தேன்.

பேராசிரியர்கள் முன்னால் ஆய்வேட்டை வைக்க ஒரு வாரம் இருக்கும்போது, கையில் ஒரு பானை ஓட்டோடு வந்து நின்றாள்.

"அண்ணே, எல்லாச் சிப்பியும் ஒரே அளவு. குஞ்சுச் சிப்பி ஒண்ணுகூட இல்ல. சந்தேகப்பட்டு மறுபடி தோண்டுனேன், நடுவுல இது கெடக்கு. இது கடல் போட்ட சிப்பி இல்ல. முத்துக்குளிச்ச நம்ம ஆளுக போட்டது."

முத்தை எடுத்துக்கொண்டு வெறும் சிப்பியைக் கரையில் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் குப்பைமேட்டை இவள் கடலின் வரலாறாகப் படித்திருக்கிறாள். முத்துக்குளித்த ஊரில் பிறந்தவளுக்கே தோன்றவில்லை, பாருங்கள்.

"ஏளா, இது யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

"அடுத்தாப்ல தோண்ட வாரவன் கண்ணுல பானை ஓடு படாமலா போவும்?" என்றவள், அத்தியாயத்தை அழிக்க உட்கார்ந்துவிட்டாள். பட்டம் தள்ளிப்போகும் என்று தெரிந்தேதான்.

புதன்கிழமை அந்தப் பானை ஓட்டை மேசைமேல் வைத்தாள். "மேலடுக்கு என் தப்பு, எடுத்துட்டேன். கீழடுக்குல எண்ணிக்கை நிக்குது. அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல." வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஆறு மாதம் தோண்டச் சொன்னார்கள். "சரி சார்" என்றாள்.

மறுநாள் அண்ணாச்சி என்னை விடவில்லை. "தங்கச்சி கண்டுபுடிச்சது என்னாச்சு?"

"இன்னும் பெருசா ஒண்ணு கண்டுபுடிச்சிட்டா அண்ணாச்சி... அவ தப்ப."