நாக்குக்கு அடியில் வைக்கவிடாத மாத்திரை

எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைவு. ஆனால் உப்பளம் மைதானத்தில் அந்தக் காலையில், ஆடுகளத்து ஆண்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, அதிலும் என் மனைவியின் தம்பி முன்னால் நிற்க, எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு காலைகளில் நாங்கள் பெத்தாங்க் ஆடுவோம். இரும்புக் குண்டை வீசி ஆடுகிற ஆட்டம். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் இதய நோய்க்காரர்கள். சட்டைப்பையில் நெஞ்சுவலி மாத்திரை இல்லாமல் வரமாட்டார்கள். எவன் நெஞ்சைப் பிடித்தாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் மாத்திரையை அவன் நாக்குக்கு அடியில் திணிப்பது எங்கள் கூட்டத்து வழக்கம். நானே ஒருவருக்குத் திணித்திருக்கிறேன்.

அன்று குண்டை எடுக்கக் குனிந்தபோது நெஞ்சை இறுக்கியது. மச்சான் மாத்திரையைப் பிரித்துக்கொண்டே ஓடி வந்தான்.

"மாமா, வாயத் தொறங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டேன். முந்தைய இரவு நான் வேறொரு மாத்திரை போட்டிருந்தேன். சர்க்கரை வியாதி எனக்குச் செய்துவைத்த கெடுதலுக்கு, ஆண்மைக்காக டாக்டர் எழுதிக் கொடுத்தது. இரண்டும் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கும், உயிருக்கே ஆபத்து என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"பல்லு கிட்டிக்கிச்சு, வலிப்புடா!" என்று யாரோ கத்தினார். வலிப்பு என்றால் கையில் இரும்பு கொடுக்க வேண்டுமாம். சாவியைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் ஆட்டக் குண்டையே என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். மச்சான் தாடையை நெம்பினான். எனக்கு வந்த கோபத்தில் கூச்சம் போன இடம் தெரியவில்லை. அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"அதப் போட்டா செத்துருவேன்டா! நேத்து ராத்திரி வேற மாத்திர போட்டிருக்கேன்."

"என்ன மாத்திர மாமா?"

"ஆம்பளைக்குப் போடற மாத்திர!"

ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கிக் காரில் போட்டார்கள்.

என் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டூட்டி டாக்டர் கேட்டார். அக்கா எதிரில் அதைச் சொல்ல முடியாமல் மச்சான் தரையைப் பார்த்தான். என் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அதைக் கழற்றக் கையைத் தூக்கினேன்.

"நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் ஆண்மை மாத்திர போட்டாரு டாக்டர். நாக்குக்கு அடியில வெக்கறத மட்டும் குடுத்துடாதீங்க" என்றாள் அவள், குரல் கொஞ்சமும் நடுங்காமல்.

அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த அன்று, டாக்டர் அறையில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். ஒன்றும் காதில் வாங்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

டூட்டி டாக்டர் தலையாட்டிவிட்டு வேறு மருந்து போடச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"தரையில என்னடா தேடற? எனக்காகவுந்தான போட்டாரு."