பதினோரு சிவப்புப் புள்ளிகள்

தொம், தொம், தொம். பிறகு ஒரு மூச்சளவு அமைதி. ஸ்ரீரங்கத்தில் இப்போது நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளியின் பேஸ்கட்பால் தளம். சாயங்காலம் ஐந்து மணிக்கு சிமெண்டில் பந்து விழத் தொடங்கும். கத்தல், விசில், ஷூ தேயும் கிறீச்சு எல்லாம் பழகிவிட்டன. இந்த மூன்று தட்டும் ஒரு நிறுத்தமும் மட்டும் பழகவில்லை. கேட்டதும் கை வேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். ஃப்ரீ த்ரோ கோட்டில் யாரோ ஒரு பெண். அவளில்லை. அவளில்லை என்று தெரிந்துதான் போகிறேன். திரும்பி வந்து மேசை இழுப்பறையிலிருந்து அந்த நீள நோட்டை எடுக்கிறேன்.

கேப்டன் என்றுதான் அவளை அழைப்போம். எங்கள் கல்லூரி அணியின் கார்டு. பந்தை முன்னே கொண்டுபோகிறவள், யார் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணாலேயே சொல்கிறவள். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலிருந்து விடியற்காலையில் ஈரத் தலையோடு பயிற்சிக்கு வருவாள். நெற்றியின் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு வேர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கும், துடைக்க மாட்டாள். "துடைச்சா ஒரு கை போயிடும்டி, அந்த நேரத்துல நீ ஓடி வந்து நின்னா யார் பந்து தரது?" என்பாள். நான் பாலக்கரைக்காரி, அணியிலேயே உயரமானவள். கூடைக்குப் பக்கத்தில் நான் திரும்பும்போது பந்து ஏற்கெனவே அங்கே காத்திருக்கும். என் திறமை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வருஷத்து லீக்கின் தொடக்கத்தில் எனக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அவளை முதல் முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மேசையில் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் யார் கூடை போட்டார்கள், யார் ஃபவுல் செய்தார்கள் என்பதற்குத்தான் இடம். பந்தை யார் கொடுத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அது என்னை உறுத்தியது. ஒரு நீள நோட்டு வாங்கி ஒவ்வொரு கூடையையும் குறித்தேன். அது கேப்டன் கொடுத்த பாஸில் வந்ததென்றால் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. எங்கள் கோச் மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "விடாம எழுது" என்றார். எழுதினேன். கடைசி இரண்டு மேட்சுக்குக் கால் சரியாகி நானே களத்தில் இறங்கியதால், அந்தப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன.

லீக் முடிந்த மறுநாள் தேர்வுக் குழு கூடியது. சிறந்த ஐவர் என்று ஒரு பட்டியல், இரண்டாம் ஐவர் என்று இன்னொன்று. முதல் ஐவருக்கு மாநில முகாம், இரண்டாமவர்களுக்கு ஒரு சான்றிதழ். வயது வரம்புப்படி கேப்டனுக்கு அதுதான் கடைசி வருஷம். இடது கை நகங்களை மட்டும் சதை தெரியக் கடித்து வைத்திருந்தாள்.

"அந்த நோட்டைக் குழுகிட்ட காட்டலாம், எடுத்துட்டு வா" என்று மிஸ் சொன்னபோது அரை மணி நேரம்தான் இருந்தது. இரண்டு மேட்சும் வெறும் பக்கமாகக் காட்ட வெட்கமாயிருந்தது. கேலரிப் படியில் உட்கார்ந்து, மேசை ஷீட்டைப் பார்த்துக் கூடைகளை எழுதினேன். கண்ணை மூடி ஆட்டத்தை ஓட்டிப் பார்த்துப் புள்ளி வைத்தேன். பதினோரு புள்ளிகள். பொய் என்று தோன்றவேயில்லை. அதே பேனா, அதே கை. என் மனம் விரும்பியதும் என் கண் பார்த்ததும் ஒரே சிவப்பில் இருந்தன.

தேர்வுக் குழுவின் செயலாளர் சார் கெட்டவரில்லை. "கார்டுன்னா கூடையும் போடணும்ல மிஸ்? எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துக்கிட்டே இருந்தா எப்படிங்க?" என்றபடிதான் நோட்டைத் திறந்தார். பக்கம் புரளப் புரள அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அட, இவ்வளவுமா!" என்றார். மிஸ் என் தோளை அழுத்தினார். பிறகு செயலாளரின் விரல் கடைசிப் பக்கங்களில் நின்றது.

"ஏம்மா, இந்த ரெண்டு மேட்ச்ல நீ உள்ள ஆடிக்கிட்டு இருந்தியே. இதை யாரு எழுதினது?"

"நான்தான் சார். ஞாபகத்துல."

வெளியே நின்ற கேப்டனை அழைத்தார்கள். ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தாள். "நீயே பார்த்துச் சொல்லும்மா" என்று நோட்டையும் பேனாவையும் நீட்டினார். அவள் குனிந்தாள். தலைக்கு மேல் விசிறி கடகடத்தது. சரின்னு சொல்லிடு, சரின்னு சொல்லிடு என்று என் நாக்கு வாய்க்குள்ளேயே அடித்துக்கொண்டது. ஒரு புள்ளியின் மேல் கோடு இழுத்தாள். "இது நான் குடுத்தது இல்லை சார். இவளே ரீபவுண்ட் எடுத்துப் போட்டா." இன்னொன்று. இன்னொன்று. நான்காவதன் மேல் பேனா நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும் அடித்தாள். "மிச்சம் ஏழும் சரி."

செயலாளர் பேனாவை வாங்கி மூடினார். "பதினொண்ணுல நாலு தப்புன்னா, முன்னாடி பக்கத்தையெல்லாம் எப்படிம்மா நம்பறது?"

முன்பக்கங்கள் அத்தனையும் பார்த்த கணத்திலேயே வைத்தவை. அதைச் சொன்னேன். சொன்ன குரல் எனக்கே பொய்க்காரியின் குரலாகக் கேட்டது. நோட்டு என் கைக்குத் திரும்பி வந்தது. சாயங்காலம் பெயர்கள் வாசித்தார்கள். இரண்டாம் ஐவரில் முதல் பெயர் அவளுடையது.

மேலே இருந்திருக்க வேண்டியவள்தானா? இத்தனை வருஷமாக எனக்குள்ளேயே குழுவைக் கூட்டிக் கூட்டிக் கலைக்கிறேன். முதல் ஐவரில் யாரும் சோடையில்லை. ஒருத்தியை எடுத்துவிட்டுக் கேப்டனை வைக்கிறேன், மனசு கேட்காமல் எடுத்தவளையே மறுபடி வைக்கிறேன். செயலாளர் சொன்னதிலும் நியாயம் உண்டு. திறந்து கிடக்கும் கூடையை விட்டுவிட்டுக்கூட எனக்குப் பந்து எறிந்தவள்தான் அவள். ஆனால் அவள் களத்தில் இல்லாத நிமிஷங்களில் நான் வெறும் உயரம். இது எந்த ஷீட்டில் ஏறும்? வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பள்ளியில் இப்போது பாஸையும் லேப்டாப்பில் குறிக்கிறார்களாம். சந்தோஷம்தான். கேட்ட அன்று ஏனோ சாப்பாடு இறங்கவில்லை.

அன்று இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். நான் பாலக்கரையில் இறங்குவேன், அவள் ஸ்ரீரங்கம் வரை போவாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. பரீட்சை ஏற்கெனவே முடிந்திருந்தது, அந்த வாரமே அவர்கள் குடும்பம் ஊர் மாறிவிட்டது. அந்தப் பஸ்ஸில், "கேப்டன், என்மேல கோவமா?" என்று கேட்டேன். "பேசாம வாடி, பசிக்கறது" என்றாள். மடியில் சுருட்டிய சான்றிதழின் மேல் அவள் விரல்கள் தட்டிக்கொண்டே வந்தன. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம்.

நோட்டின் அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் விரிந்து கிடக்கிறது. நான்காவது கோட்டுக்கு அடியில் சிவப்பு இன்னும் தெரிகிறது. பேனா கையில் இருக்கிறது. பின்னால் பந்து விழுகிறது. அன்று பாலக்கரையில் நான் இறங்கி நின்றதும், கிளம்பத் தொடங்கிய பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவள் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்:

"ஏண்டி, அந்த நாலாவது நான் குடுத்ததுதான்டி! இப்பத்தான் ஞாபகம் வரது. நோட்டுல திருத்திடு!"