தென்னைக்குத் தண்ணீர் வேண்டாமாம்!

"அண்ணே, மாத்திரையப் பூரா சாக்கடையில கொட்டிட்டாரு. கால் விரல்ல புண்ணு… கறுத்துக்கிட்டு வருது. யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. நீ கெளம்பி வா."

போனில் அழுதது என் தங்கை பிலோமினா. போன வாரம் இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று கோபப்பட்ட வாசகர்களே, காரணம் இதுதான். கிடைத்த பஸ்ஸில் ஏறித் திண்டுக்கல் போய், அங்கிருந்து ஆத்தூர் போய்ச் சேர்ந்தேன்.

பிலோமினாவின் கணவர் ஞானப்பிரகாசம் தென்னந்தோப்புக்காரர். பல வருஷமாகச் சர்க்கரை. ஆனால், வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவர். ஞாயிறு பூசை முடிந்ததும், குவைத்தில் இருக்கும் மகனோடு சாட் செய்ய திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவார். மகன் சாட்டில் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்டர்காரர் சும்மா இருக்க மாட்டாமல் இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். தமிழில்! அதுவும் இலவசமாக! கேட்கவா வேண்டும்?

அதன் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் போய்ப் படிப்பீர்கள். முன்னோர் செய்ததெல்லாம் சரி, வெளியிலிருந்து வந்ததெல்லாம் சதி என்று நம்பும் ஒரு கூட்டம் நடத்துவது. தாராளமாக நம்பட்டும். அதைக் கொள்கைப் பத்திரிகை என்று சொல்லி நடத்தலாமே? கலைக்களஞ்சியம் என்று எதற்கு போர்டு மாட்டவேண்டும்?

நான் போனபோது மாப்பிள்ளை காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, மடியில் ஒரு கட்டு பிரிண்ட் அவுட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். சர்க்கரைன்னு ஒரு நோயே கெடையாதாம், தெரியுமா? மாத்திரை விக்கிறதுக்குக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை. நான் சொல்லல… கலைக்களஞ்சியத்துல போட்டிருக்கான்."

"எவன் போட்டிருக்கான் மாப்ள?"

"அதான் சொல்றேன்ல, கலைக்களஞ்சியம்!"

கட்டை வாங்கிப் புரட்டினேன். சர்க்கரை நோய்க்குக் காரணம் வெளிநாட்டுக் கம்பெனி. தலைவலிக்குக் காரணம் அதே கம்பெனி. கிரிக்கெட்டில் நாம் தோற்பதற்கு? அட, அதே கம்பெனிதான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே வில்லன்! ஆதாரம் என்று அடியில் கொடுத்திருப்பது அதே கலைக்களஞ்சியத்தின் இன்னொரு பக்கம். அங்கே போனால் ஆதாரத்துக்கு இந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறது. அதற்காகக் கம்பெனிகளெல்லாம் யோக்கியமா என்றால், இல்லை. அந்தக் கொஞ்சூண்டு உண்மையை வைத்துக்கொண்டுதான் மிச்சத்தையெல்லாம் நம் தலையில் கட்டுகிறார்கள்.

தென்னை என்று ஒரு பக்கம் இருந்தது. சத்தமாகப் படித்தேன். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தேவையில்லையாம். தனக்கு வேண்டியதை அதுவே பூமியிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம். தண்ணீர் பாய்ச்சும் பழக்கம், மோட்டார் கம்பெனிகள் செய்த சதியாம்.

மாப்பிள்ளை எகிறிவிட்டார்.

"எந்தக் கூமுட்ட எழுதுனது? தென்ன மரத்தப் படத்துலதான் பாத்திருப்பான். இந்தக் கோடைக்கு ரெண்டு மாசம் தண்ணி விடாமப் பாக்கச் சொல்லுங்க… குரும்பையெல்லாம் பொலபொலன்னு கொட்டிப் போகும்!"

"இதே ஆளுங்கதானே மாப்ள சர்க்கரையப் பத்தியும் எழுதியிருக்காங்க?"

"அது வேற மச்சான். தென்னை எனக்குத் தெரியும்ல?"

தெரிந்த விஷயத்தில் காறித் துப்புகிறார். அடுத்த பக்கத்தில், தெரியாத விஷயம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்! சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் காலையில் பேப்பர் படிப்பது இப்படித்தான். நம் ஊர்ச் செய்தி தப்பாக வந்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோம். அடுத்த பக்கத்து அமெரிக்காச் செய்தியை அப்படியே நம்பிவிடுவோம்.

மதியம் மூன்று மணி வரை மன்றாடினேன். மனுஷன் அசையவில்லை. புண்ணில் ஏதோ பச்சிலையை வைத்துக் கட்டிக்கொண்டு, கலைக்களஞ்சியத்தில் போட்டிருக்கான் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அப்போது த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. அந்தப் பக்கத்தில் அது ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வரும். வந்ததும் எல்லாத் தோப்பிலும் மோட்டார் ஓடியாகவேண்டும். சுற்றிலும் சத்தம் கேட்டது. இவர் தோப்பில் மட்டும் கேட்கவில்லை.

"ஏ பிலோமி! கரண்டு வந்து செத்த நேரமாச்சு. மோட்டார் ஏன் ஓடல?"

அவள் சமையலறையிலிருந்து வந்தாள். முந்தானையில் எதையோ முடிந்திருந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். மோட்டாரின் ஃபியூஸ் கேரியர்கள்!

"புடுங்கிட்டேன். தென்னைக்குத் தண்ணி வேணாமாம். கலைக்களஞ்சியத்துல போட்டிருக்கான்."

"ஏய், வெளையாடாதடி! மரம் செத்துப்போகும்!"

"மரம் செத்துப்போகும்னு இம்புட்டுப் பதறுறீங்க. நீங்க செத்துப்போனா?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். காலைப் பார்த்தார். கையிலிருந்த பேப்பர் கட்டைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வாரேன். மொதல்ல அத மாட்டிவிடு" என்றார்.

"வாசல்ல வாடகைக் கார் நிக்குது. நீங்க மொதல்ல ஏறுங்க. பெறகு மாட்டுறேன்" என்றாள். என் தங்கையாச்சே!

திண்டுக்கல்லில் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினார். ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்குமாம்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்த மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "மச்சான், அத எழுதுனவன் யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"எதுக்கு மாப்ள, அடிக்கவா?"

"இல்ல… அவனுக்குச் சர்க்கரை இருக்கா, மாத்திரை போடுறானான்னு கேக்கணும்."

ஊர் திரும்பியதும் அந்தப் பக்கத்தைத் தேடிப் போனேன். ஒரு வரி மாறவில்லை. எழுதியவர் பெயரும் இல்லை.

யாரோ எவரோ… கால் விரல் பத்தும் பத்திரமாக வைத்திருப்பார்!