ஈட்டி முனையும் ஆயர் தொப்பியும்

ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறியதும் என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். வயசாகிறது என்று நினைத்தோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, இதயத்தின் இடப்பக்கத்து வால்வு சுருங்கியிருக்கிறது, கால் ரத்தக்குழாய் வழியாகப் பலூன் அனுப்பி விரித்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

நான் பத்தாவதோடு நின்றவன். சுவரில் இருந்த இதயப் படத்தில் அந்த வால்வின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, "பைகஸ்பிட்டுன்னா இன்னாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பைன்னா ரெண்டு. கஸ்பிஸ்னா லத்தீன்ல ஈட்டி முனை. ரெண்டு முனை இருக்கறதால அந்தப் பேரு. ரெண்டு முனை உள்ள பல்லுக்கும் அதேதான்."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் முன் நின்று சொன்னாள்: "அவரு விலாவுலயே ஒரு ஈட்டிதாங்க. எனக்கு ரெண்டா? நான் வரலை."

இரண்டு வாரம் கெஞ்சியும் பயனில்லை. படுத்தால் அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் மட்டும் போய் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். "இன்னொரு பேரு இருக்கே, மைட்ரல்னு. உங்க ஆயர், அதான் பிஷப், பூசையில வைக்கிற தொப்பி, முன்னால ஒரு முனை, பின்னால ஒரு முனை, அது மைட்டர், அதோட பேருதான் இதுக்கும். இதைச் சொல்லுங்க."

தெரு முனையிலேயே பக்கத்து வீட்டு அம்மா தண்ணீர் கேனோடு மடக்கினார். லாரிச் சத்தத்துக்கு நடுவே, ஆயர், தொப்பி, வால்வு, சுருக்கம் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியம் எங்கள் வீட்டில். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு உருகினார்: "ஆண்டவரே, நம்ம ஆயருக்கு நெஞ்சுல வால்வு சுருங்கிகினு கீதாம். அவருக்கு சொகத்தைக் குடும்."

எல்லோரும் பதற்றத்தோடு "கேட்டருளும்" என்றார்கள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சட்டைப்பையிலிருந்த படத்தை மெல்ல நீட்டி, காதில் விஷயத்தைச் சொன்னேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அழுகிறாள் என்று எண்ணி மற்றவர்கள் இன்னும் உரக்க ஜெபித்தார்கள். கலைந்து போனதும், "தொப்பின்னா சரி. எப்ப போகணும்?" என்றாள்.

பலூன் நல்லபடியாக வேலை செய்தது. இப்போது படிக்கட்டில் எனக்கு முன்னால் ஏறுகிறாள். வேண்டுதல் ஆயர் பெயரில் போனாலும் கடவுளுக்கு வீடு தெரிந்திருக்கிறது. அந்த டாக்டரம்மாவுக்காகவும் தினமும் ஒரு ஜெபம் சொல்கிறோம்.

போன மாதம் பிள்ளைகளுக்கு எண்ணெய் பூசும் உறுதிப்பூசுதல் சடங்குக்கு ஆயர் எங்கள் கோவிலுக்கு வந்தார். தொப்பியோடு விறுவிறுவென்று பீடம் ஏறினார். பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியை இடித்து, "பாத்தியாக்கா, நாம ஜெபம் பண்ணது வீண் போவல" என்றார்.

"ஆமாம்மா, வீண் போவல" என்றாள் இவள், நெஞ்சில் கையை வைத்து.